மேலோங்கி நின்றது அச்சமே

நடுவர் அவர்களே, எதிரணியில் வீற்றிருக்கும் நண்பர்களே, அவையோரே, அனைவருக்கும் என் வணக்கம்.

"சோவியத் இசையமைப்பாளர் திமித்ரி ஷோஸ்டகோவிச்சின் வாழ்க்கையில் மேலோங்கி நின்றது துணிவா, அச்சமா?" என்பது இன்றைய தலைப்பு. துணிவே என்று எதிரணியினர் மூவரும் பேசி, கைதட்டலையும் வாங்கிவிட்டார்கள். ஒரு மாபெரும் கலைஞரை அஞ்சியவர் என்று சொல்ல வருகிறவனை எந்த அவையும் முகம் சுளித்துத்தான் பார்க்கும். எனவே முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். தலைப்பில் கோழைத்தனம் என்ற சொல் இல்லை. அச்சம் என்ற சொல்தான் இருக்கிறது. அஞ்சுவது அஞ்சாமை பேதைமை என்று பள்ளியிலேயே மனப்பாடம் செய்தவர்கள் நாம். ஸ்டாலினின் ஆட்சியைவிட அஞ்சத்தக்கது ஒன்று அந்த நாட்டில் அந்தக் காலத்தில் இருக்கவில்லை. அதற்கு அஞ்சிய மனிதரை நான் இழிவுபடுத்த வரவில்லை. அந்த அச்சம் அவரை எத்தனை ஆண்டுகள், எவ்வளவு முழுமையாக ஆட்கொண்டிருந்தது என்று காட்டத்தான் வந்திருக்கிறேன்.

எதிரணியின் முதல் பேச்சாளர் 1942இல், முற்றுகைக்குள் வாசிக்கப்பட்ட ஏழாம் சிம்பொனியில் தொடங்கினார். கதையோ 1936 ஜனவரியில், வடக்கே வெண்கடல் பக்கத்தில் உள்ள ஆர்க்காங்கெல்ஸ்க் நகரின் ரயில் நிலையத்தில் தொடங்குகிறது. அப்போது ஷோஸ்டகோவிச்சுக்கு வயது 29. பத்தொன்பது வயதில் அரங்கேறிய முதல் சிம்பொனியாலேயே வெளிநாடுகளிலும் பெயர் வாங்கியிருந்தார். "ம்த்சென்ஸ்க் மாவட்டத்தின் லேடி மேக்பெத்" என்ற அவருடைய ஆபரா, அதாவது இசைநாடகம், 1934 முதல் லெனின்கிராடிலும் மாஸ்கோவிலும் இரண்டு ஆண்டுகளாக வெற்றிகரமாக நடந்துகொண்டிருந்தது. ஜனவரி 26ஆம் தேதி அதைப் பார்க்க ஸ்டாலின் வந்தார். இசையமைப்பாளரும் அரங்கில் இருந்தார். ஆபரா முடியுமுன்பே ஸ்டாலின் எழுந்து போய்விட்டார்; இசையமைப்பாளரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிரவே ஷோஸ்டகோவிச் கச்சேரிப் பயணமாக வடக்கே புறப்பட்டார். 28ஆம் தேதி ஆர்க்காங்கெல்ஸ்க் நிலையத்தில் கம்யூனிஸ்ட் கட்சியின் பிராவ்தா நாளிதழை வாங்கிப் பிரித்தார்.

"இசைக்குப் பதில் குழப்பம்" என்பது அதில் இருந்த கட்டுரையின் தலைப்பு. எழுதியவர் பெயர் இல்லை. பெயரோடு எழுதினால் அது ஒரு விமர்சகரின் கருத்து; அவருக்குப் பதில் எழுதலாம், சண்டை போடலாம். கட்சியின் நாளேட்டில் பெயரில்லாமல் வந்தால் அது கட்சியே பேசுவது. அதற்குப் பதில் சொல்ல முகவரி கிடையாது. அந்தக் கட்டுரையில் ஒரு வாக்கியம் உண்டு: இந்த விளையாட்டு மிக மோசமாக முடியக்கூடும் என்று. இசை விமர்சனத்தில் இப்படி ஒரு வரியை வேறு எங்கே பார்த்திருக்கிறீர்கள்? சுருதி சேரவில்லை என்று எழுதுவார்கள், தாளம் தப்பியது என்று எழுதுவார்கள். முடிவு மோசமாக இருக்கும் என்று எழுதுவது விமர்சனமாகாது. பத்து நாள் கழியுமுன் அவருடைய பாலே ஒன்றைச் சாடி இரண்டாவது கட்டுரை வந்தது. அதுவரை அந்த ஆபராவைப் புகழ்ந்தவர்கள் கூட்டம் போட்டுத் தங்கள் புகழ்ச்சியைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அதன் பிறகு ஷோஸ்டகோவிச் செய்த ஒரு செயலை அவை கவனிக்க வேண்டும். தம்மைத் திட்டி எந்தப் பத்திரிகையில் எது வந்தாலும் அந்த நறுக்குகளைத் திரட்டி ஒட்டிவைக்கத் தொடங்கினார். துணிந்தவன் கிழித்தெறிவான், அலட்சியமானவன் படிக்கவே மாட்டான். ரத்தத்தில் சர்க்கரை ஏறியிருக்கிறது என்று அறிந்தவர் ஒவ்வொரு பரிசோதனைச் சீட்டையும் தேதிவாரியாகக் கோப்பில் அடுக்குவாரே, அந்த மனநிலைதான் இது.

எதிரணித் தலைவி ஒரு நல்ல கேள்வி கேட்டார். அஞ்சியிருந்தால் அதற்குப் பிறகும் நான்காம் சிம்பொனியைப் போல ஒரு முரட்டுப் படைப்பை எழுதி முடித்திருப்பாரா என்றார். முடித்தார், மறுக்கவில்லை. 1936 மே மாதம் முடித்தார். லெனின்கிராடில் ஒத்திகையும் நடந்தது. டிசம்பரில், அரங்கேற்றம் நெருங்கிய வேளையில், சிம்பொனி திரும்பப் பெறப்பட்டது. தடை செய்யப்பட்டதாக எங்கும் அறிவிப்பு இல்லை. இசையமைப்பாளர் தாமாகவே திரும்பப் பெற்றுக்கொண்டார் என்பதுதான் வெளியே சொல்லப்பட்ட செய்தி. "தாமாகவே" என்ற அந்தச் சொல்லின் மேல்தான் என் வாதம் நிற்கிறது. அரசு தன் கையால் பறித்தால் பழி அரசுக்கு வரும். அஞ்சியவன் தன் கையாலேயே எடுத்துக் கொடுத்துவிட்டால் பழி சொல்ல ஆளில்லை. அந்தச் சிம்பொனி மேடை ஏறியது 1961 டிசம்பர் 30 அன்று. இருபத்தைந்து ஆண்டுகள், நடுவர் அவர்களே! கருவிகளுக்காக எழுதியதை மேடையில் கேட்காமலேயே கால் நூற்றாண்டு காத்திருந்தார்.

அந்த ஆண்டுகளில் அவர் வீட்டைச் சுற்றி என்ன நடந்தது என்பதையும் பார்க்க வேண்டும். மகள் கலினா பிறந்தது 1936 மே மாதம். அக்காவின் கணவர், இயற்பியல் அறிஞர் பிரெடெரிக்ஸ், கைதானார். அக்கா மத்திய ஆசியாவுக்கு அனுப்பப்பட்டார். மாமியார் முகாமுக்குப் போனார். ஷோஸ்டகோவிச்சை ஆதரித்துவந்த படைத்தலைவர் மார்ஷல் துகாச்செவ்ஸ்கி 1937 ஜூனில் சுட்டுக் கொல்லப்பட்டார். கைது செய்ய வருபவர்கள் குழந்தைகளை எழுப்பிவிடக் கூடாது என்று, இரவில் பெட்டியோடு மாடிப்படி அருகே அவர் காத்திருந்தார் என்ற கதையை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதை நான் சான்றாக எடுக்கவில்லை. பலர் பலவிதமாகச் சொல்லும் கதை அது. என் கட்சிக்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக அதைத் தூக்கிக்கொண்டு வந்தால், எதிரணி நூல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்ததை நான் குறை சொல்ல முடியாது.

அந்த நூலுக்கு வருகிறேன். ஷோஸ்டகோவிச் இறந்து நான்கு ஆண்டுகள் கழித்து, 1979இல், சாலமன் வோல்கோவ் என்பவர் அமெரிக்காவில் வெளியிட்ட நினைவுக்குறிப்பு அது. ஷோஸ்டகோவிச்சே சொல்லச் சொல்ல எழுதியது என்பது வோல்கோவின் கூற்று. ஐந்தாம் சிம்பொனியின் இறுதியில் வரும் வெற்றிமுழக்கம், தடியால் அடித்து "மகிழ், மகிழ்" என்று கட்டாயப்படுத்தும் மகிழ்ச்சி என்ற விளக்கமும், பத்தாம் சிம்பொனியின் இரண்டாம் பகுதி ஸ்டாலினின் சித்திரம் என்ற விளக்கமும் அந்த நூல் வழியாகத்தான் பரவின. எதிரணியினர் மூவரும் அந்த இரண்டையும் மாறிமாறிச் சொன்னார்கள். ஆனால் அந்த நூலில் ஷோஸ்டகோவிச் முன்பே சோவியத் இதழ்களில் வெளியிட்ட பத்திகள் ஏறக்குறைய அப்படியே இடம்பெற்றிருப்பதை லாரல் பே என்ற ஆய்வாளர் 1980இலேயே எடுத்துக்காட்டிவிட்டார். வழக்கு இன்னும் தீரவில்லை. தீராத வழக்கின் ஆவணத்தை நாம் இந்த அவையில் தீர்ந்த சான்றாக வைக்க வேண்டாம்.

இருந்தாலும், ஐந்தாம் சிம்பொனியைப் பற்றி எதிரணி சொன்னதை வாதத்துக்காக ஏற்றுக்கொண்டே பேசுகிறேன். 1937 நவம்பர் 21, லெனின்கிராட், நடத்தியவர் ம்ராவின்ஸ்கி. மெதுவாகச் செல்லும் மூன்றாம் பகுதியில் அரங்கில் பலர் அழுதார்கள். முடிந்த பின் அரை மணி நேரத்துக்கு மேல் கைதட்டல் ஓயவில்லை. வீட்டில் ஓர் ஆளைப் பறிகொடுத்தவர்கள் அந்த அரங்கில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். அழுகைக்குக் காரணம் புரியும். ஆனால் அதே சிம்பொனியை ஆட்சியாளரும் ஏற்றுக்கொண்டார்கள். "நியாயமான விமர்சனத்துக்கு ஒரு சோவியத் கலைஞரின் படைப்புவழிப் பதில்" என்று ஒரு பத்திரிகையாளர் அதற்குப் பட்டம் கட்ட, ஷோஸ்டகோவிச்சும் தம் பெயரில் வந்த கட்டுரையில் அதை மகிழ்ச்சியோடு ஏற்பதாகச் சொன்னார். பறிகொடுத்தவன் அழவும், பறித்தவன் கைதட்டவும் ஒரே இசையில் இடம் வைத்திருந்தார். அது ஈடிணையற்ற திறமை. அந்தத் திறமையை அவருக்குள்ளிருந்து வெளியே இழுத்தது எது? துணிவுக்கு ஒரு பொருள் போதுமே. இரண்டு பொருள் வைத்துப் பேச வேண்டிய தேவை அச்சத்துக்குத்தான் உண்டு.

ஏழாம் சிம்பொனியை நான் நீட்டிப் பேசப் போவதில்லை, ஏனென்றால் அதில் எனக்கும் எதிரணிக்கும் பெரிய சண்டை இல்லை. ஜெர்மன் படை முற்றுகையிட்ட லெனின்கிராடில் இருந்துகொண்டே முதல் மூன்று பகுதிகளை எழுதினார். பிறகு அரசு அவரை வெளியேற்றியது. குய்பிஷெவ் நகரில் எழுதி முடித்தார். 1942 ஆகஸ்ட் 9 அன்று முற்றுகைக்குள் அதை வாசித்தது எலியாஸ்பெர்க் நடத்திய வானொலி இசைக்குழு. முதல் ஒத்திகைக்கு வந்தவர்கள் சுமார் 15 பேர். மற்றவர்கள் இறந்திருந்தார்கள், அல்லது எழுந்து நடக்க முடியாமல் பட்டினியில் கிடந்தார்கள். அன்று வாசித்தவர்களின் துணிவுக்கு முன்னால் நானும் எழுந்து நிற்கிறேன். ஆனால் தலைப்பு அவர்களைப் பற்றியதன்று. ஷோஸ்டகோவிச்சைப் பொறுத்தவரை, பகைவன் வெளியிலிருந்து வந்த அந்த நான்கு ஆண்டுகள் ஒரு விந்தையான விடுப்புக் காலம். ஊரே அழுதபோது அவரும் வெளிப்படையாக அழலாம். எதற்காக அழுகிறாய் என்று யாரும் விசாரிக்கவில்லை.

விடுப்பு 1948இல் முடிந்தது. பிப்ரவரி 10 அன்று கட்சியின் மத்தியக் குழுவின் தீர்மானம் வந்தது. முரதேலி என்பவரின் ஆபரா ஒன்றைக் கண்டிக்கும் சாக்கில் ஷோஸ்டகோவிச், புரோகோபியெவ், கச்சதூரியன், மியாஸ்கோவ்ஸ்கி ஆகிய இசையமைப்பாளர்களைப் பெயர் சொல்லித் தாக்கியது. மாஸ்கோ, லெனின்கிராட் இசைக் கல்லூரிகளில் ஷோஸ்டகோவிச்சின் ஆசிரியப் பணி போயிற்று. படைப்புகள் பலவற்றுக்குத் தடை. அந்த நாட்களில் எழுதிக்கொண்டிருந்த முதல் வயலின் கான்செர்ட்டோவை, அதாவது வயலினை முன்னிறுத்தி இசைக்குழு வாசிக்கும் படைப்பை, முடித்து மேசை இழுப்பறைக்குள் வைத்தார். டேவிட் ஓய்ஸ்ட்ராக் அதை மேடையில் வாசித்தது 1955இல். எதிரணியினர் இழுப்பறைக்குள் எழுதியதைத் துணிவின் கணக்கில் சேர்த்தார்கள். எழுதியது துணிவு என்றே இருக்கட்டும், இழுப்பறையை மூடியது எது?

1948 ஜனவரியில் யூத நாடகக் கலைஞர் சாலமன் மிஹோயெல்ஸ் கொல்லப்பட்டார்; விபத்து என்று அறிவித்தார்கள். செய்தி வந்ததும் ஷோஸ்டகோவிச் அந்த வீட்டுக்குப் போனார். மிஹோயெல்ஸின் மகள் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார்: வந்தவர் எங்களைத் தழுவிக்கொண்டார், புத்தக அலமாரிப் பக்கம் போய் எல்லோருக்கும் முதுகைக் காட்டி நின்றார், மெல்ல, ஆனால் தெளிவாக, "எனக்கு அவர்மேல் பொறாமையாக இருக்கிறது" என்றார் என்று. துக்க வீட்டில் செத்தவரைப் பார்த்துப் பொறாமைப்படுகிற மனிதரின் நெஞ்சில் எது மேலோங்கி இருந்திருக்கும் என்பதை நடுவரின் கருத்துக்கே விடுகிறேன்.

இனி அந்தத் தொலைபேசி. எதிரணியின் இரண்டாம் பேச்சாளர் இதை மிக அழகாக நடித்தே காட்டினார். 1949 மார்ச் 16. ஸ்டாலினே அழைக்கிறார், நியூயார்க்கில் நடக்கும் அமைதி மாநாட்டுக்குச் சோவியத் குழுவோடு போக வேண்டும் என்கிறார். என் படைப்புகளை இங்கேயே யாரும் வாசிப்பதில்லையே, நான் எப்படிப் போவது என்று ஷோஸ்டகோவிச் கேட்கிறார். யார் தடுத்தது என்கிறார் ஸ்டாலின், தமக்கு எதுவும் தெரியாதவரைப் போல. அன்றே தடை நீங்குகிறது. ஆம், அந்த ஒரு நிமிடம் துணிவுதான். ஆனால் நண்பர் தொலைபேசியை வைத்ததோடு நாடகத்தை முடித்துவிட்டார். அடுத்த காட்சி நியூயார்க்கில் இருக்கிறது.

வால்டார்ப் அஸ்டோரியா விடுதியில் நடந்த அந்த மாநாட்டில், ஷோஸ்டகோவிச்சின் பெயரில் தயாரித்த உரையை மொழிபெயர்ப்பாளர் வாசிக்க, அவர் அருகில் உட்கார்ந்திருந்தார். ஸ்ட்ராவின்ஸ்கி போன்ற இசையமைப்பாளர்களைச் சாடும் உரை அது. கூட்டத்திலிருந்து நிக்கோலஸ் நபோகோவ் எழுந்தார். அவரும் ரஷ்யாவிலிருந்து வெளியேறிய இசையமைப்பாளர்தான். ஸ்ட்ராவின்ஸ்கியைப் பற்றிப் பிராவ்தா சொல்வது உங்கள் சொந்தக் கருத்தா என்று கேட்டார். ஷோஸ்டகோவிச்சால் ஆம் என்று சொன்னாலும் மானம் போகும், இல்லை என்று சொன்னால் ஊர் திரும்ப முடியாது என்பது நபோகோவுக்கு நன்றாகவே தெரியும், தெரிந்தே கேட்டார். எனக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவர்மேல்தான் இன்றும் கோபம். ஷோஸ்டகோவிச் எழுந்து, முழுமையாக ஒப்புக்கொள்கிறேன் என்றார். ஸ்ட்ராவின்ஸ்கியின் "சங்கீதங்களின் சிம்பொனி"யை நான்கு கைகளால் பியானோவில் வாசிப்பதற்காகத் தம் கைப்பட மாற்றி எழுதியவர் அவர். வரிவரியாக அதை நேசித்து எழுதிய அதே மனிதர்தான் அயல்நாட்டு மேடையில் இதைச் சொன்னார்.

இதுவரை நான் சொன்னதெல்லாம் ஸ்டாலின் காலம். அப்போது அஞ்சாதவர் யார் என்று எதிரணி கேட்கலாம், கேட்கவும் செய்தார்கள். ஆகவே ஸ்டாலின் போன பிறகு என்ன நடந்தது என்று பார்ப்போம். 1953 மார்ச் 5 அன்று ஸ்டாலின் இறந்தார். ஷோஸ்டகோவிச் அந்த ஆண்டே பத்தாம் சிம்பொனியில் தம் பெயரை இசையாகப் பொறித்தார். ஜெர்மானிய முறையில் அவர் பெயரின் எழுத்துகள் நான்கு சுரங்கள் ஆகின்றன. ஒன்றாம் கட்டையை ஷட்ஜமாக வைத்துக்கொண்டால் நமக்கு அது ரி, க, ச, பிறகு கீழே இறங்கி நி. கீரவாணி பாடத் தெரிந்தவர் எவரும் முனகிப் பார்க்கலாம். 1958 மே மாதத்தில், 1948ஆம் ஆண்டுத் தீர்மானத்தில் பிழைகள் இருந்தன என்று கட்சியே ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு அவருக்கு லெனின் பரிசும் கிடைத்தது. உலகப் புகழ், பதவி, பரிசு எல்லாம் இருந்தன. அவரைச் சுட்டுக் கொல்ல இனி யாரும் துணியமாட்டார்கள்.

இந்த நிலையில்தான் 1960இல் கட்சியில் சேரச் சொன்னார்கள். ஸ்டாலின் காலம் முழுவதும் சேராதவர் இப்போது சேர்ந்தார். ரஷ்யக் குடியரசின் இசையமைப்பாளர் சங்கத்துக்கு அவரைத் தலைமை ஏற்க வைக்க அது தேவைப்பட்டது. ஜூன் மாத இறுதியில் நண்பர் ஐசக் கிளிக்மன் அவரைப் பார்க்கப் போனபோது, விம்மி விம்மி அழுதுகொண்டிருந்தார். நெடுநாளாக என்னைத் துரத்துகிறார்கள் என்றார். மற்றொரு நண்பர் லெபெடின்ஸ்கியிடம் அவர் சொன்னதாக லெபெடின்ஸ்கியே பதிவு செய்திருக்கிறார்: "அவர்களைக் கண்டால் எனக்குச் சாவு பயம்."

நடுவர் அவர்களே, பாம்பு இருக்கும்போது அஞ்சுவதை வைத்து ஒருவரின் அச்சத்தை அளக்க முடியாது. பாம்பு செத்து ஏழு ஆண்டுகள் ஆன பிறகும் அந்தப் புற்றின் பக்கம் போக உடல் நடுங்கினால், அந்த அச்சம் வெளியில் இல்லை, மனிதருக்குள் குடியேறிவிட்டது என்று பொருள். ஸ்டாலினால் செய்ய முடியாததை ஸ்டாலின் விட்டுச் சென்ற அச்சம் செய்துமுடித்தது.

அடுத்த மாதம் ஒரு திரைப்பட இசைக்காகக் கிழக்கு ஜெர்மனியில் டிரெஸ்டன் அருகே கோரிஷ் என்ற ஊரில் தங்கினார். திரைப்பட வேலை நடக்கவில்லை. ஜூலை 12 முதல் 14 வரை மூன்றே நாளில் நான்கு தந்திக் கருவிகளுக்கான எட்டாம் குவார்டெட்டை எழுதினார். ரி, க, ச, நி என்ற அந்த நான்கு சுரங்களில்தான் தொடங்குகிறது. திரும்பத் திரும்ப அங்கேயே வந்து சேர்கிறது. "பாசிசத்துக்கும் போருக்கும் பலியானவர்களின் நினைவுக்கு" என்பது ஊருக்குச் சொன்ன காணிக்கை. கிளிக்மனுக்கு எழுதிய கடிதத்தில், நான் செத்தால் என் நினைவாக யாரும் எதுவும் எழுதப் போவதில்லை, ஆகவே நானே எழுதிக்கொண்டேன், இதன் முகப்பில் "இந்தக் குவார்டெட்டின் ஆசிரியர் நினைவுக்கு" என்றுகூடப் போடலாம் என்றார். எழுதும்போது எவ்வளவு கண்ணீர் வடித்தேன் என்பதற்கு, இந்த அவையில் நான் சொல்லத் தயங்கும் ஓர் உவமையையும் அதில் எழுதியிருக்கிறார். தனக்குத் தானே கருமாதி செய்துகொண்டு, அதற்கும் வேறு பெயர் எழுத வேண்டியிருந்தது அவருக்கு.

எதிரணி சொல்லாமல் விட்ட ஒரு சான்றை நானே எடுத்துத் தருகிறேன். விட்டுவிட்டார்களே என்று எனக்கு வியப்பாகவும் இருக்கிறது. 1953 பிப்ரவரியில், ஸ்டாலின் உயிரோடு இருந்தபோதே, மிஹோயெல்ஸின் மருமகனான இசையமைப்பாளர் வைன்பெர்க் கைதானார். அவருக்காகப் பரிந்து, ஸ்டாலினின் நெருங்கிய கூட்டாளியான பேரியாவுக்குக் கடிதம் எழுதினார் ஷோஸ்டகோவிச். பெற்றோர் இருவரையும் கொண்டுபோய்விட்டால் வைன்பெர்க்கின் குழந்தை அநாதையாகிவிடக் கூடாது என்று, ஷோஸ்டகோவிச்சின் மனைவி நீனா அந்தக் குழந்தையின் பொறுப்பை ஏற்க ஏற்பாடு செய்துகொண்டார். துணிவு என்று பெயர் சொல்லத்தக்கது எதுவென்று என்னைக் கேட்டால், சிம்பொனிகளை எல்லாம் விட்டுவிட்டு இந்தக் கடிதத்தைத்தான் காட்டுவேன். ஆனால் தலைப்பில் "மேலோங்கி" என்றல்லவா போட்டிருக்கிறார்கள்!

கடைசியாக, எதிரணியின் பெரிய ஆயுதம்: 1962 டிசம்பர் 18 அன்று மாஸ்கோவில் அரங்கேறிய பதின்மூன்றாம் சிம்பொனி. கீவ் அருகே பாபி யார் பள்ளத்தில் நாஜிகள் யூதர்களைக் கொன்று குவித்ததையும், யூதர்மேல் சொந்த நாட்டிலேயே உள்ள வெறுப்பையும் பேசிய யெவ்துஷென்கோவின் கவிதையை முதல் பகுதியாக வைத்தார். ம்ராவின்ஸ்கி நடத்த முன்வரவில்லை, கொந்திராஷின் நடத்தினார். பாட ஒப்புக்கொண்டவர்கள் ஒவ்வொருவராக விலகி, கடைசி நேரத்தில் இளம் பாடகர் ஒருவர் மேடை ஏறினார். எல்லாம் உண்மை. அதே சிம்பொனியின் நான்காம் பகுதியின் பெயர் என்ன என்பதை மட்டும் எதிரணி சொல்லவில்லை. அதன் பெயர் "அச்சங்கள்". ரஷ்யாவில் அச்சங்கள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று கவிதை தொடங்குகிறது. அந்தச் சொற்களுக்கு அவர் போட்ட இசை, அடியாழத்தில் டியூபா என்ற பெரிய ஊதுகருவி ஒன்று தனியாகத் தவழ்ந்து வர, கேட்பவரின் முதுகுத்தண்டைச் சில்லிட வைக்கிறது. அச்சம் செத்தது என்கிறார் கவிஞர், இசையமைப்பாளருக்கோ அது பக்கத்து அறையில் மூச்சுவிடுவது கேட்கிறது.

அரங்கேற்றம் முடிந்து சில வாரங்களில், முதல் பகுதியின் சில வரிகளை மாற்றாவிட்டால் சிம்பொனியை இனி வாசிக்க முடியாது என்ற நிலை வந்தது. யெவ்துஷென்கோ மாற்று வரிகளை எழுதினார். ஷோஸ்டகோவிச் தம் கையெழுத்துப் படியில் பழைய வரிகளை அழிக்கவில்லை. 1963இல் மேடையில் புதிய வரிகளைப் பாடியபோது, வேண்டாம் என்று தடுக்கவும் இல்லை.

நன்றி, வணக்கம்.